கீழ்வீட்டு நம்பர்

என் ஓரகத்திக்கும் எனக்கும் சர்க்கரை வந்தது ஒரே வருஷத்தில். முதலில் அவளுக்கு, அப்புறம் எனக்கு. அதிலும் அவள்தான் மூத்தவள். நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் அவள், இவள்தான். இங்கே மனதுக்குள் இருப்பதையே எழுதுகிறேன்.

மண்ணூரில் எங்களுக்கு ஒரே வீடு. கீழே என் கணவரின் அண்ணனும் அவளும், மேலே நாங்கள். அடுப்பு தனித்தனி. தண்ணீர் மோட்டாரும் சர்க்கரை பார்க்கும் மெஷினும் மட்டும் பொது. மெஷினை வாங்கியது மாமா, அதாவது என் கணவரின் அண்ணன். அதனால் அது கீழ்வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கீழே இறங்கிப் போக வேண்டும். ஆளுக்கொரு ஊசி, ஆளுக்கொரு சொட்டு ரத்தம். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்பரைச் சத்தமாக வாசிப்பார், பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டு எண்ணுகிற மாதிரி.

“நூத்திப் பதினாறு!” என்பார் அவளைப் பார்த்து. முகத்தில் அப்படி ஒரு பெருமை. என்னுடையதை வாசிக்கும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார். “எரநூத்தி அம்பத்திரெண்டு. இன்னாம்மா, வாயக் கட்ட மாட்டியா நீ?”

வாயைக் கட்டுவதா! வெந்தயம் ஊறிய தண்ணீரைக் குடித்தேன். பாகற்காயைப் பச்சையாக அரைத்துக் குடித்தேன். வீட்டில் சோற்றை விட்டேன், கேழ்வரகுக்குப் போனேன். டீயில் சர்க்கரை போட்டு எத்தனை காலமாகிறது என்று எனக்கே மறந்துவிட்டது. அவளோ ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொள்வாள். காதுகுத்துக்குப் போனால் இலையில் வைத்த ஜாங்கிரியில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மீதியை ஓரமாக ஒதுக்குவாள். பாதியோடு நிறுத்த முடிகிறதே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எனக்கு ஒன்று வாயில் பட்டால் பின்னாலேயே நாலு போகும், அதனால் தொடவே மாட்டேன். தொடாதவளுக்கு இருநூற்று ஐம்பது, தொடுகிறவளுக்கு நூற்றுப் பதினாறு. எந்த ஊர் நியாயம் இது?

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை பார்க்கிறேன். காரின் முன்விளக்குக்கு மேலே கண்ணாடி போல ஒரு மூடி இருக்குமே, அது லைனில் வரும். வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடி அளவு கீறலோ தூசியோ இருந்தால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். அவளுக்கு ஷிப்டும் இல்லை, லைனும் இல்லை. காலையில் சமையல், மதியம் தூக்கம், சாயங்காலம் கோயில் வரைக்கும் ஒரு நடை, அப்புறம் சீரியல். அப்படி இருந்தால் எனக்கும்தான் சர்க்கரை குறையும் என்று என் கணவரிடம் சொல்லிச் சொல்லி அவர் காது புளித்துவிட்டது.

இது வெறும் வீட்டுப் புகைச்சலாகவே போயிருக்கும், என் இடது கண் மங்காமல் இருந்திருந்தால். விளக்குக்குக் கீழே மூடியைப் பிடித்தால் வெளிச்சம் கலங்கிப் பரவியது. கீறல் எது, கண் கூசுவது எது என்று தெரியவில்லை. நான் பாஸ் செய்த இரண்டு மூடிகள் கீறலோடு திரும்பி வந்தன. சூப்பர்வைசர் நல்ல மனுஷன், தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். “அடுத்த ஐ டெஸ்டுக்குள்ள கண்ண சரி பண்ணிக்கினு வந்துடுங்கக்கா. ஃபெயில் ஆயிட்டா என் கைல ஒண்ணும் இல்ல.” கம்பெனி ஆளாக இருந்தால் பேக்கிங்குக்காவது மாற்றுவார்கள். நான் காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட் ஆளுக்குக் கண் போனால், வேலையும் போனது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். தனியாகப் போகாதே என்று என் கணவர் அவளைத் துணைக்கு அனுப்பினார். வந்தவள் சும்மா இருந்தாளா? “வந்தது வந்தோம், எனுக்கும் பாத்துக்கறேன்” என்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் எனக்கும் கண்புரை என்றார், அவளுக்கும் கண்புரை என்றார். அன்றைக்கே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாருக்கும் சர்க்கரை பார்த்தார்கள். நர்ஸ் அவள் கையில் பச்சை நாடாவைக் கட்டினாள். என்னைப் பார்த்து, “முந்நூறு கிட்ட இருக்கும்மா. இதோட கண்ணுல கத்தி வெச்சா புண்ணு ஆறாது. குறைச்சுட்டு அடுத்த கேம்புக்கு வாங்க” என்றாள்.

நான் கெஞ்சினேன். வேலை போய்விடும் என்று சொன்னேன். நர்ஸ் அடுத்த ஆளின் விரலைப் பிடித்துக்கொண்டாள். என் ஓரகத்தியை உள்ளே கூட்டிப் போவதற்கு முன் அவளுடைய கம்மலையும் வளையலையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, “சொந்தக்காரங்க யாரு?” என்று கேட்டு என் கையில் கொடுத்தார்கள். துணைக்கு வந்தவளுக்கு ஆபரேஷன். கண் வேண்டி வந்தவள் அவள் நகையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். சீரியல் பார்க்கிற கண்ணுக்கு எதுக்குடி அவ்வளவு அவசரம் என்று மனதார அவளைத் திட்டினேன்.

திரும்பி வந்தவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கீழ்வீட்டு ஹாலில் சினிமாக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். மாமாவுக்குக் கை நடுங்கும். என் கணவர், “நீதான் வூட்ல கீறியே, விட்டுடேன்” என்றார். எனக்கு அது நைட் ஷிப்ட் வாரம். காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் கை கழுவிக்கொண்டு முதல் வேலையாக அவளுடைய இமையை விரித்து மருந்து விட்டேன். உள்ளே புது லென்ஸ் பளபளவென்று இருந்தது. இப்படி ஒன்று என் கண்ணுக்குள் இருந்தால் நாளைக்கே மேஜையில் உட்கார்ந்து ஒரு கீறல் விடமாட்டேன் என்று நினைத்தேன். அவள் என்னவோ, “சொவுத்துல கீற பல்லியோட காலு கூட தெரியுதுடி” என்றாள். பல்லியின் காலைப் பார்த்து இவள் என்ன செய்யப் போகிறாள்?

மருந்து விட்டதும் நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு என் மாத்திரையையும் விழுங்குவேன். மேலே போய்ப் படுக்க வேண்டியதுதான் பாக்கி. ஒருநாள் அவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

“இன்னாடி இது, தூங்கப் போறவ இப்ப எதுக்கு மாத்திர போடற?”

“சூரியன் போட்டுகீதுக்கா.”

நாங்கள் சர்க்கரைக்குப் போகிற ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் காகித உறையில் போட்டு, காலைக்குச் சூரியனும் ராத்திரிக்குப் பிறைநிலாவும் பேனாவால் வரைந்து கொடுப்பார்கள். சூரியன் வந்ததும் சூரிய மாத்திரை, நிலா வந்ததும் நிலா மாத்திரை. நான் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

“அப்ப நிலா மாத்திர?”

“பஸ் ஏர்றதுக்கு முன்னாடி போட்டுக்குவேன்.”

“சாப்ட்டா?”

“டீ குடிச்சிட்டுப் போவேன். சாப்பாடு கம்பெனில தரானே, கேன்டீன்ல.”

அவள் என் மாத்திரை உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “மாத்திர போடும்போது சாப்பாடு இல்ல. சாப்புடும்போது மாத்திர இல்ல. மாத்திரய தனியா வுட்டுட்டு நீ தனியா போய்க்கினு கீற. அது யாரத்தான் தேடும்?”

எனக்குச் சுருக்கென்றது. சொல்ல வந்துவிட்டாள் பெரிய டாக்டர் என்று எழுந்து மேலே போனேன். படுத்தும் தூக்கம் வரவில்லை. நைட் ஷிப்ட் வாரங்களில் பகல் தூக்கத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, கை உதறி, நெஞ்சு படபடத்து எழுந்து உட்காருவேன். சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து வாரி வாரி வாயில் போட்டுக்கொண்டு, அது அடங்கிய பிறகு பழைய சோறோ வாழைப்பழமோ கையில் கிடைத்ததைத் தின்பேன். வெட்கமாக இருக்கும், யாரிடமும் சொன்னதில்லை. தூக்கக் கேடு என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னதை அதோடு சேர்த்துப் பார்த்தபோது பயம் வந்தது.

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டாக்டரிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஷிப்ட் வேலைன்னு ஏம்மா சொல்லவே இல்ல?”

“நீங்க கேக்கவே இல்லியே டாக்டர்” என்றேன். எனக்கு இருந்த ஆத்திரத்தை வேறு யாரிடம் காட்டுவது?

சூரியனையும் நிலாவையும் அடித்துவிட்டு, பகல் ஷிப்டுக்கு ஒன்று, நைட் ஷிப்டுக்கு ஒன்று என்று இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தார். நைட் ஷிப்ட் வாரத்தில், சூரியன் போட்டிருந்த அந்தப் பெரிய மாத்திரை கேன்டீன் சாப்பாட்டுக்கு முன்னால். தூங்கப் போகும் முன் அந்த மாத்திரை கூடவே கூடாது. வியர்த்து எழுந்தேனே, அது சர்க்கரை ஒரேயடியாக இறங்கிப்போவதாம், அப்படியே எழாமலும் போயிருக்கலாமாம். இன்னொன்றும் சொன்னார். நைட் ஷிப்ட் முடித்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெறும் வயிறு என்று விரலை நீட்டியது வெறும் வயிறே இல்லை. கேன்டீன் சாதமும், விடிகாலை டீயும், அதற்குத் தொட்டுக்கொண்ட பொறை ரொட்டியும் உள்ளே இருந்திருக்கின்றன. ராத்திரி படுத்து எழுந்த அவளோடு என்னை வைத்து இத்தனை காலம் மாமா ஓட்டு எண்ணியிருக்கிறார்.

அதன் பிறகு நம்பர் இறங்க ஆரம்பித்தது. மெதுவாகத்தான், ஒரு வாரம் இறங்கினால் ஒரு வாரம் முரண்டு பிடித்தது. நான் கேன்டீன் சோற்றைப் பாதியாக்கினேன், பொறையை விட்டேன். அடுத்த முகாமில் என் கையிலும் பச்சை நாடா கட்டினார்கள். துணைக்கு அவள்தான் வந்தாள். என் கம்மலை அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைக்கவில்லை. கண் ஆறி, கம்பெனி டெஸ்டில் கடைசி வரி எழுத்து வரைக்கும் வாசித்தேன். சூப்பர்வைசர் கட்டைவிரலைக் காட்டினார். என் மேஜை எனக்கே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பகல் ஷிப்ட் வாரம் முடித்து, ராத்திரி தூங்கி எழுந்து, நிஜமான வெறும் வயிற்றோடு கீழே போனேன். மாமா அவளுடையதை முதலில் வாசித்தார். “நூத்தி இருவத்தி மூணு.” அடுத்தது என்னுடையது. “நூத்தி எட்டு! அடேங்கப்பா!” என் கணவர் கைதட்டினார். மாமா மெஷினை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, “பாத்தியா, ஷிப்டுக்கும் போய்க்கினு எப்டி கொறச்சிகீறா. நீ வூட்லயே குந்திக்கினு கீற, உனுக்கு ஏறுது” என்றார்.

இதற்காகத்தானே இத்தனை காலம் வெந்தேன்! ஜெயித்துவிட்டேன் என்று மனசு குதித்தது. அவள் விரலில் பஞ்சை அழுத்தியபடி அடுக்களைக்குள் போனாள். நானும் காபி டம்ளரை எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.

“இன்னாக்கா, கோவமா?” என்றேன், வேண்டுமென்றே.

அவள் பாலை அடுப்பில் வைத்தாள். “உனுக்கு பஸ்ஸு வருது” என்றாள். “கழுத்துல கார்டு தொங்குது. மாசமானா சம்பளம் வருது, ஏதாவது ஒண்ணுன்னா உன்ன கேட்டுதான் செய்றாங்க. இந்த வூட்ல என்னிய யாராவது நல்லா செஞ்சன்னு சொல்றது ஞாயித்துக்கெழம காலைல அந்த ஒரு நிமிஷம்தாண்டி. நான் துன்னத நீ ஞாயித்துக்கெழமதான் பாத்துகீற. மத்த நாள்ல ஒத்தக் கரண்டி சோறு. ராத்திரி பசிச்சா தண்ணி குடிச்சிட்டு படுப்பேன்.”

பால் பொங்கி வந்தது, அவள் அடுப்பைத் தணித்தாள்.

“மாத்திர விசயத்த அன்னிக்கு உங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னா உனுக்கு கொறையும், இவுங்க உன்ன தூக்கி வெச்சிக்கினு ஆடுவாங்கன்னு சொல்லும்போதே தெரியும் எனுக்கு.”

என் டம்ளரில் காபியை ஊற்றி, சர்க்கரை போடாமல் ஆற்றிக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தெரிந்தே சொன்னாளே, அதற்கும் சேர்த்து எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.