டிக் எடுத்தும் நிற்காத காற்று

எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் நான் செய்த புராஜெக்ட், கடலில் மிதக்கும் ஒரு புள்ளியின் பாதை. கணித மென்பொருளில் கடலை வரைந்து, ஓரத்தில் இரண்டு டிக் பெட்டிகள் வைத்திருந்தேன்: 'காற்று', 'நீவாடு'. நீவாடு என்பது கடலின் நீரோட்டம். பெட்டியில் டிக் போட்டால் அதற்குரிய அம்பு திரையில் தோன்றும், எடுத்தால் மறையும். ஸ்லைடரை நகர்த்தினால் மணிக்கணக்குப்படி புள்ளி நகரும். வைவாவில் அம்பு வந்து போவதைப் பார்த்து நன்றாக மதிப்பெண் போட்டார்கள்.

அந்த மார்கழியில் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் போன வள்ளம் திரும்பவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது என்று போனில் சொன்னான். நின்ற இடத்தையும் சொன்னான். பிறகு போன் எடுக்கவில்லை. மறுநாள் காலை, தேடப் போகிறவர்கள் எங்கள் ஊர் புன்னைக்காயலின் மீன் ஏலக்கூடத்தில் கூடினார்கள். அப்பா என்னை லேப்டாப்போடு வரச் சொன்னார்.

எஞ்சின் நின்றால் எங்கள் ஆட்கள் வலையைத் தண்ணீரில் இறக்கி, கயிற்றை வள்ளத்தின் முன்பக்கம் கட்டிவிடுவார்கள். வலை பிடித்துக்கொள்ளும், காற்று வள்ளத்தை ஓட்டாது, நீவாடுதான் இழுக்கும். அதனால் காற்றை எடு என்றார்கள். அண்ணன் சொன்ன இடத்தையும் நேரத்தையும் போட்டு, டிக்கை எடுத்தேன். அம்பு மறைந்தது. தென்கிழக்கில் ஒரு புள்ளி நின்றது.

பள்ளிக்கூடம் போகாத மாமா ஒருவர் திரையருகே குனிந்தார்.

"நீவாடு அம்பு வடகிழக்க காட்டுது. புள்ளி தெக்க நிக்கி. என்னலே இது?"

நேரத்துக்கு நேரம் நீவாடு திரும்பும், கணக்கில் அதுவும் சேர்ந்திருக்கிறது என்றேன். என்னைப் பார்த்தவர்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை.

"பெரியவரே, நீரு எந்தக் காலேசுல படிச்சீரு?" என்றான் ஒருவன். சிரித்தார்கள். எல்லா வள்ளங்களும் தென்கிழக்கே போயின.

மூன்றாம் நாள், துறைமுகத்துக்கு வெளியே வடகிழக்கில் ஒரு நிலக்கரிக் கப்பல் அவர்களைக் கண்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு உயிர் இருந்தது. அண்ணன் முந்தைய நாள் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தானாம்.

அடக்கம் முடிந்தபின் கோப்பைத் திறந்தேன். 'காற்று' பெட்டியை அம்பின் தோற்றத்தோடு மட்டும்தான் இணைத்திருந்தேன். புள்ளியின் சூத்திரத்தில் பெட்டியே இல்லை. டிக்கை எடுத்தாலும் அது வடக்கிலிருந்து வீசும் காற்றைக் கணக்கில் கூட்டிக்கொண்டேதான் இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன்.

"யாருட்டயும் சொல்லாத. சரி பண்ணி வை. இன்னொரு வள்ளம் நின்னா ஒன்னயத்தான் தேடி வருவானுவ."

மாமாவிடம் மட்டுமாவது சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அவர் பக்கத்தில் இருக்கும்போதே சூத்திரத்தில் பெட்டியைச் சேர்த்தேன். டிக்கை எடுத்ததும் புள்ளி வடகிழக்கே தாவியது. ஸ்லைடரைப் பின்னால் தள்ளச் சொல்லி, நாங்கள் ஏலக்கூடத்தில் நின்ற காலையில் நிறுத்தச் சொன்னார்.

"இங்கனயா கெடந்தான்?"

"ஆமாப்பா."

கரைக்கும் புள்ளிக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒரு மணி நேர ஓட்டந்தான்" என்றார்.