நாற்பத்தொரு பேருக்கு ஒரே நம்பர்

என்னைச் 'சக வழிகாட்டி' ஆக்கினார்கள். திறமைக்குக் கிடைத்த பதவி என்றுதான் நானும் கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். உண்மை வேறு. தேனியில் நடந்த பயிற்சியில், புதுப் பதிவு முறையை விளக்கிய அதிகாரி "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பசியில் முதலில் தலையாட்டியது நான்தான். அவர் என் பெயரைக் குறித்துக்கொண்டார்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம செவிலியர். அதுவரை நோட்டில் எழுதிவந்த கர்ப்பிணிகளின் விவரத்தையெல்லாம் இனி 'டேப்' என்கிற கைக்கணினியில் ஏற்ற வேண்டும். நானும் ஏற்றி, பக்கத்து ஊர்ச் செவிலியர் நான்கு பேருக்கும் கற்றுத்தர வேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதலாக ஒரு பேட்ஜ் தந்தார்கள்.

ஏற்றும்போது அந்தக் கர்ப்பிணியின் போன் நம்பரைக் கேட்கும். அந்த நம்பருக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பட்டணத்தில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு இது சுலபம். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் விடிவதற்குள் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பவளிடம் போன் இருக்காது. அது புருஷனோடு தோட்டத்துக்குப் போயிருக்கும். அங்கே டவர் கிடைக்காது.

நான் அசரவில்லை. என் சொந்த நம்பரைப் போட்டேன். ஓடிபி என் கையிலேயே வந்து விழுந்தது. ஒரே மத்தியானத்தில் பதினைந்து பேரை ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கவும் செய்தேன். இந்த வித்தையை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். வழிகாட்டி என்றால் வழி காட்ட வேண்டாமா?

தொந்தரவு இல்லாமலில்லை. பதிந்த தாய்மாருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியெல்லாம் எனக்கு வரத் தொடங்கியது. என் மகன் கல்லூரியே முடித்துவிட்டான். எனக்கோ, 'அன்புள்ள தாயே, உங்களுக்கு இது ஏழாம் மாதம், குழந்தை அசைவதைக் கவனியுங்கள்' என்று காலங்காத்தாலே வரும். என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "ஏழு மாசமாச்சு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்பார். பத்து நாளில் அந்தச் செய்திகளைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

என் மாணவிகளில் ஒருத்தி மட்டும் மசியவில்லை. சுருளிப்பட்டிப் பக்கத்துக்காரி. நானும் அவளும் ஒரே செட்டில் செவிலியர் படிப்பு முடித்தவர்கள். அவள் விடியக்காலையில் டேப்போடு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய், கிளம்புவதற்குள் ஆளைப் பிடித்து, அவர்கள் போனிலேயே ஓடிபி வாங்கி ஏற்றுவாள். நாளுக்கு ஒன்று தேறினால் பெரிது.

"ஏன்டி இப்படி உசுர விடுற? உன் நம்பரப் போட்டுத் தொலையேன்" என்றேன்.

"அது அவுக நம்பரத்தானடி கேக்குது."

"கேட்டா என்ன? குடுக்குறத வாங்கிக்கிரும். மிசினுக்கு ஆளு அடையாளம் தெரியுமா?"

அவள் சிரித்துவிட்டு டேப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்த மாதக் கூட்டத்தில் நான் நாற்பத்தொன்று, அவள் ஒன்பது. அதிகாரி அவளை எழுப்பி நிற்கவைத்து, என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். எனக்குக் கைதட்டச் சொன்னபோது நின்றபடியே அவளும் தட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஏதோ ஞாபகத்தில் ஒரு செய்தியைத் திறந்துவிட்டேன். 'அன்புள்ள தாயே, உங்கள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆபத்தான அளவு குறைவாக உள்ளது. உடனே மருத்துவமனைக்கு வரவும்.' பெயர் இல்லை. தாயின் போனுக்குத்தானே போகிறது, பெயர் எதற்கு என்று விட்டிருப்பார்கள். அவர்கள் மேல் தப்பே சொல்ல முடியாது.

அந்த வாரம் பதினொரு பேருக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தேன். யாருக்கு என்று பார்க்க டேப்பைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. லேப்பைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பதினொரு பேரில் ஒருத்தியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சாகக் கிடக்கிறார்கள், யாரென்று எனக்குத் தெரியாது. போன் போட்டுக் கேட்கலாமென்றால் பதினொரு பேருக்கும் என் நம்பர்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் சுருளிப்பட்டிக்காரியைப் போனில் கூப்பிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் தேவலை.

"தோட்டத்துக்கு எத்தன பேரு போயிருக்காக?" என்றாள்.

"ஏழு பேரு."

"மிச்சம் நாலு பேர வீட்டுல போயிப் பாரு. கண்ணு இமையக் கீழ இழுத்துப் பாரு. ஜீப்பு இறங்குற நேரத்துக்கு நானும் அங்கன வந்துர்றேன்."

நான்கு பேரும் நன்றாக இருந்தார்கள். சாயங்காலம் நாங்கள் இருவரும் ஜீப் வந்து நிற்கும் முக்கில் நின்றோம். தோட்டத்திலிருந்து இறங்கும் மாசமான பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்தி, இமையைக் கீழே இழுத்துப் பார்த்தோம்.

"என்ன சிஸ்டர், செக்போஸ்ட இங்கன மாத்திட்டாகளா?" என்று ஒரு டிரைவர் கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவருக்குத் தக்க பதில் கிடைத்திருக்கும்.

ஆறு பேரைப் பார்த்தாயிற்று. ஏழாமவள் கடைசி ஜீப்பில் வந்தாள். இருபத்திரண்டு வயது, ஆறு மாதம். இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக இறக்கிவிட, ஜீப் படியைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இமைக்குள் சிவப்பே இல்லை. வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, நாங்களும் கூடவே ஏறிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டு உயிருக்கும் பயமில்லை, ஆனால் நாளைக்கு வந்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டிலோரம் உட்கார்ந்தேன். வழிகாட்டித் தோரணை என்னை விட்டு எங்கே போகும்?

"மூச்சு வாங்குறது முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா ஆத்தா?" என்று அதட்டினேன்.

அவள் முகத்தில் கோபமே இல்லை.

"ரத்தம் எடுக்க வந்தன்னைக்கே சொன்னேன் சிஸ்டர். நீங்க போனப் பாத்துக்கிட்டே சரி சரின்னீக. நிமிந்து பாப்பீகன்னு செத்த நேரம் நின்னேன். அப்பறம் வீட்டுக்குப் போயிட்டேன்."