மாளிகைத் தொடரும் அத்தையின் அரை நாளும்

பால் கொடுக்கும் நேரத்தில் என்ன பார்க்கலாம் என்று அலுவலகத் தோழிகள் கேட்டால், பிரிட்டிஷ்காரர்கள் எடுக்கும் பழங்காலத் தொடர்களைத்தான் தயங்காமல் சொல்வேன். தயங்காமல் என்பது சும்மா. சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அன்று முழுக்க யோசிப்பேன். ஆனாலும் அவற்றில் யாரும் கத்துவதில்லை. குழந்தை திடுக்கிட்டு எழும் அளவுக்குப் பின்னணி இசை அலறுவதில்லை. ஒரு கடிதம் வந்து சேரவே பாதி எபிசோடு ஆகும். நடுவில் எழுந்து டயப்பர் மாற்றிவிட்டு வந்தாலும் கதை அங்கேயே நிற்கும்.

என் மாமியாருக்கும் அப்படித்தான் ஒன்றைச் சிபாரிசு செய்தேன்.

பேறுகால விடுப்பு முடியவிருந்தது. அத்தை ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து எங்கள் முகப்பேர் ஃபிளாட்டுக்கு வந்திருந்தார். மாமாவுக்குத் தொழிற்சாலையில் இன்னும் கொஞ்சம் சர்வீஸ் பாக்கி. அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வேலைக்குத் திரும்பினால் மகளை அத்தை பார்த்துக்கொள்வாரா என்பதுதான் கேள்வி. ஆனால் அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. "அம்மா பாத்துப்பாங்க" என்றார் கணவர். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அத்தையோ கொண்டுவந்த பையைப் பிரித்து அலமாரியில் அடுக்காமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தார். தினமும் வீடு பெருக்கும்போது அந்தப் பை துடைப்பத்தில் இடிக்கும், அதை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்குவேன்.

குவார்ட்டர்ஸில் கதவைத் திறந்தால் பேச நாலு பேர் இருப்பார்கள். இங்கே லிஃப்ட் சத்தம்தான். அலுத்துப்போய்க் கிளம்பிவிடுவாரோ என்ற பயத்தில்தான் தொடரைப் போட்டேன். ஒரு பெரிய மாளிகை. மேலே பிரபு குடும்பம், கீழே அடுப்படியில் வேலையாட்கள். முத்தக் காட்சி எங்கே வருகிறது என்று முன்பே பார்த்துவைத்து, அங்கே ஓட்டிவிடுவேன். துணி மடித்தபடி கதை சொல்வேன். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்த அத்தைக்கு ஆங்கிலம் வராது. கதை மட்டும் என்னைவிட முன்னதாக அவருக்குப் புரிந்துவிடும்.

"இன்னாம்மா, கோட்டு மாட்டிவுடக்கூட ஒரு ஆளா? அந்தாளுக்குக் கை இன்னா சுளுக்கா?"

ஒரு மதியம் அந்தக் காட்சி வந்தது. மாலைத் தேநீர் முடிந்ததும் ஆயா குழந்தைகளுக்குத் தலைவாரி, நல்ல உடை போட்டு, மேலே கூடத்துக்கு அழைத்து வருகிறாள். அம்மாக்காரி ஒரு மணி நேரம் கொஞ்சுகிறாள். பிறகு மணியடிக்கிறாள். ஆயா வந்து கூட்டிப்போகிறாள். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் அதுதான் வழக்கம். நான் அதை ஏற்கெனவே பார்த்தவள்தான், முத்தம் இல்லையே என்று விட்டிருந்தேன். அத்தையின் மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அலுவலகம் முடிந்து, அம்பத்தூர் நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்ந்தால், எனக்கும் அவளுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். அப்படியானால் அத்தை யார்?

ரிமோட்டைத் தேடினேன். அது அவர் முழங்காலுக்கு அடியில் இருந்தது.

"வேற போடட்டுமா அத்தை? இது நல்லாவே இல்லை."

"இரு, இப்பதான் சூடு புடிக்குது. தொப்பிய மாட்டிகினு எங்க போவுது அந்த ஆயா?"

"ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு அரை நாள் லீவு."

அத்தை என் பக்கம் திரும்பினார். "ஆயாவுக்கே லீவு கீது. பாரேன்."

"அத்தை, நான் உங்களை அப்படி நினைக்கவே இல்லை..."

"நீ இன்னா நினைக்கிறேன்னு எனக்கு இன்னா தெரியும்? நீயும் வாயத் தொறந்து கேக்கல, என் புள்ளையும் கேக்கல. அந்த வெள்ளக்காரியாவது மொதல்லயே ஆயாவக் குந்தவெச்சு, வேலைக்கு வர்றியான்னு கேட்டா."

மடித்த துணியைக் கீழே வைத்தேன். "நான் வேலைக்குப் போனா பாப்பாவைப் பாத்துப்பீங்களா அத்தை? முடியாதுன்னாலும் சொல்லுங்க. க்ரெச் ஒண்ணு விசாரிச்சு வெச்சிருக்கேன்." அது கணவருக்குக்கூடத் தெரியாது.

"விசாரிச்சிட்டியா? கெட்டிக்காரிதான்." குழந்தையின் நெற்றி வேர்வையை முந்தானையால் ஒற்றினார். "பாத்துக்கிறேன். ஆனா வெள்ளிக்கிழம சாயங்காலம் கெளம்பிடுவேன், திங்கக்கிழம காலையிலதான் வருவேன். அரை நாளெல்லாம் பத்தாது. உங்க மாமா வெக்கிற சாம்பார நீ பாத்ததில்ல. குவார்ட்டர்ஸ் பொம்பளைங்களோட மாங்காடு கோயிலுக்குப் போயும் மாசக்கணக்காவுது."

அந்த வெள்ளிக்கிழமை அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, திரும்பி வருவாரா என்று எனக்கு மறுபடி சந்தேகம். திங்கட்கிழமை நான் காபி கலந்துகொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். மாளிகைக் கதை இப்போது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியுமாம். மிச்சத்தைக் கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"பையை அலமாரியில வெக்கட்டுமா அத்தை?"

"எதுக்கு? வெள்ளிக்கிழம திரும்ப எடுக்கவா? கட்டிலுக்கு அடியிலயே தள்ளு. தள்ளிட்டு டிவியப் போடு."