நிலாவெளியில் அறை இல்லை

இரத்தினேஸ்வரியைப் போல வாய் நீண்ட ஒருத்தியை திருகோணமலைக் கடற்கரையில் அந்த நிலாவெளி ஹோட்டலில் வேலைக்கு வைத்ததே அதிசயம். அறை பதியும் மேசை அவளுடையது. சண்டை ஓய்ந்து ஒப்பந்தம் வந்த மறுவருடம், 2003இல், ஹோட்டலின் இணையத்தளத்துக்குப் புது மென்பொருள் வாங்கினார்கள். பார்க்க வருபவர் எந்த நாடு, முன்பு எதைப் பார்த்தார் என்று அறிந்து ஆளுக்கேற்ற பக்கத்தைக் காட்டுமாம். முகம் பார்த்துப் பந்தி வைப்பது நமக்குப் புதிதா என்ன! கல்யாண வீட்டில் பெரியப்பா செய்வதைக் கம்ப்யூட்டர் செய்கிறது, அவ்வளவுதான்.

மனேஜர் ஞானசேகரம் பெரிய தாளில் கோடு கீறித் திட்டம் போட்டார். ஜெர்மனிக்காரருக்குக் கடற்கரை, இங்கிலாந்துக்காரருக்குப் புறாத்தீவு, கொழும்புக்காரருக்குக் குடும்பச் சாப்பாடு. கனடாவுக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டார்.

"இவையள் நாலு நிமிசம் பாத்திட்டுப் போயிடுகினம். அறைப் பக்கத்தைத் திறக்கிறதே இல்லை. வீண் சனம், பிள்ளை."

"சேர், அது எங்கட சனம்! சொந்த ஊரில ஆர் காசு குடுத்து அறை எடுப்பினம்? அவையள் ஊரைத்தான் தேடிப் பாக்கினம்."

தன் வீட்டை நினைத்துத்தான் அவள் சொன்னாள். கூடப்பிறந்த ஒரே அண்ணன் யோகராசா தொண்ணூறில் உடுத்த உடுப்போடு ஓடியவர். இப்போது டொரோண்டோவில் மனைவி, மூன்று பிள்ளைகள். அவரை ஒருமுறை வீட்டு முற்றத்தில் கண்டுவிட்டால் போதும், வேறு வேண்டுதல் அவளுக்கு இல்லை. ஒரு அறையும் சமைக்கக் குசினியும் மட்டுமே உள்ள தன் வீட்டில் அவருக்கென்று ஒரு புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள்.

அடம்பிடித்துக் கனடாவுக்கென்று ஒரு பக்கம் செய்தாள். நீச்சல் குளப் படம் இல்லை. ஊருக்குள் போகும் சின்னத் தெரு, கிணற்றடி ஒழுங்கையின் படம். அதன்மேல், 'உங்கட ஊரில உங்களுக்கும் ஒரு அறை.' தமிழ் எழுத்து கனடாக் கம்ப்யூட்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் அதையும் படத்துக்குள்ளேயே எழுதுவித்தாள். ஒரு மாதம் பார்ப்போம், ஒரு பதிவும் வராவிட்டால் எடுத்துவிடுவேன் என்றார் மனேஜர்.

இருபத்தாறாம் நாள் ஒரு பதிவு வந்தது. ஐந்து பேர், ஓகஸ்டில் பத்து நாள். பெயர் யோகராசா. கோணேசப் பெருமானே! அவள் கதிரையை விட்டு எழுந்தே விட்டாள். பிறகு குறிப்பை வாசித்தாள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்:

"என்ர தங்கச்சி அங்கதான் வேலை. நாங்கள் வாறமெண்டு அவவுக்குச் சொல்லாதேங்கோ. கட்டிலை எங்களுக்குத் தந்திட்டு அவ குசினியில படுப்பா."

அன்புதான். ஆனாலும் சுட்டது. தங்கை இருக்க அண்ணன் ஹோட்டலில் நிற்பதா? ஊர் என்ன சொல்லும், ஊர் கிடக்கட்டும், அந்தக் கட்டில் என்ன சொல்லும்? 'அறைகள் நிரம்பிவிட்டன' என்ற வழமையான பதிலை அனுப்பினாள். நாற்பது அறையில் முப்பத்தொன்று காலி.

அன்று பின்னேரமே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, ஹோட்டல் நிறைஞ்சிட்டுதாம். எங்கட வீட்டுக்கு வாங்கோ."

"நிலாவெளியில அறை இல்லையோ?" அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "பிள்ளையளுக்கு இந்த வெக்கை பழக்கமில்லை, ஒரு அறையில அஞ்சு பேர் ஏலாது தங்கச்சி. அடுத்த வருசம் பாப்பம்."

மாதம் முடிய மனேஜர் கனடாப் பக்கத்தை எடுத்தார். வந்த ஒரே பதிவைத் தான் திருப்பிவிட்டதை வாய்க்காரி அவருக்குச் சொல்லவே இல்லை.

அடுத்த ஓகஸ்டும் அவர் வரவில்லை, அந்த வருடக் கடைசியில் சுனாமியாய்க் கடல் வந்தது. அதற்கடுத்து மீண்டும் சண்டை. யார் வருவார்! பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அண்ணனும் தங்கையும் கதைத்தார்கள். வருகிற கதையை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. என் வீம்பு மட்டும் இல்லாதிருந்தால் அந்த ஓகஸ்டில் அவரைக் கண்ணால் கண்டிருப்பேன் என்ற எண்ணம் அவளை அரித்துத் தின்றது.

2007இல் ஹோட்டலில் மிஞ்சியது மூன்று பேர். வேலை இல்லாத ஒரு திங்கள் காலை இணையத்தளத்தை யார் யார் பார்த்தார்கள் என்ற மென்பொருளின் பட்டியலைத் தட்டிப் பார்த்தாள். ஒருமுறை பெயர் கொடுத்தவரை அது மறப்பதில்லை. யோகராசா, டொரோண்டோ. ஞாயிறு தவறாமல் வந்திருக்கிறார், நான்கு வருடமாக. ஒவ்வொரு முறையும் நாலு நிமிடம். இப்போது அவருக்குத் தெரிவது நீச்சல் குளம். அதை நாலு நிமிடம் பார்த்து என்ன செய்கிறார் என் அண்ணை! மேசையில் தலையை வைத்து அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மென்பொருளுக்கு ஒரு விதி எழுதினாள். இந்த ஒருவர் வந்தால் மட்டும் பழைய ஒழுங்கைப் படம். அதன்மேல் புது வரி:

"அண்ணை, சண்டை முடிய வாங்கோ. ஹோட்டலிலயே நில்லுங்கோ. வந்தால் போதும்."

அடுத்த திங்கள் காலை, மாதக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்த பதிவுப் பெட்டியில் ஒன்று கிடந்தது. ஐந்து பேர். பெயர் யோகராசா. வரும் திகதி எழுதப்படவில்லை. கீழே குறிப்பு:

"அறை வேண்டாம். குசினியில நான் படுக்கிறன்."