குளக்கரையிலும் முந்திரிக்காட்டிலும் ஒரே சேலை

நகரமைப்பு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஆயுதம் கலர் பென்சில்தான். வீடுகளுக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை, குளத்துக்கு நீலம். வரைபடத்தை விரல் வலிக்கத் தீட்டி, ஊர்ச் சுவரில் ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்போம். ஆடு மட்டும் வந்து ஓரத்தைக் கடித்துப் பார்க்கும்.

பிறகு ட்ரோன் வந்தது. ஆலங்குடிப் பக்கம் ஒரு ஊரில் பறக்கவிட்டோம். கடலை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா மண் கையோடு ஓடிவந்தார்.

"யாரு வீட்டுக் கல்யாணங்க?"

"கல்யாணம் இல்லீங்க. எங்க என்ன இருக்குன்னு மேலேருந்து படம் எடுக்குறோம். ரோடு, வீடு எங்கிட்டு வரலாம்னு திட்டம் போடத்தான்."

"அதுல ஆளு விழுகுமா?"

"விழுகும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

வீட்டுக்குப் போனவர் சிவப்புப் பட்டுச் சேலையில் திரும்பி வந்தார். ட்ரோன் போன பக்கமெல்லாம் அண்ணாந்தபடியே வரப்பு வரப்பாக நடந்தார்.

ட்ரோன் எடுத்த துண்டுப் படங்களைக் கணினி ஒன்றாகத் தைத்துக் கொடுத்தது. எங்கள் அதிகாரி திரையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னம்மா இது? குளக்கரையில சிவப்புச் சேலை, முந்திரிக்காட்டுல சிவப்புச் சேலை. ஊருக்கே யூனிஃபார்மா?"

"ஒரே ஆளுதான் சார். கூடவே நடந்தாங்க."

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. அழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அந்தப் படத்தின் மேலேயே புது ரோட்டுக்குக் கோடு போட்டு, பெரிதாக அச்சடித்து ஊர்ச் சமுதாயக்கூடத்தில் மாட்டினோம். அந்த அம்மா தெருவையே கூட்டிவந்தார். "இந்தா நானு! இங்கயும் நானு!" சேதி பரவி, வீட்டைத் தேட, மாட்டைத் தேட என்று ஊரே திரண்டது. எங்கள் திட்டத்தை இத்தனை பேர் பார்த்து அன்றுதான் நான் பார்த்தேன். ட்ரோன் வருவதைத் தங்களிடம் முன்கூட்டியே சொல்லவில்லை என்று சில பெண்கள் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

திடீரென்று பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ஏங்க, மஞ்சுவிரட்டுத் திடலுக்குள்ளயா ரோடு விடுறீங்க?"

கூடம் கொதித்துப்போனது. எங்கள் கண்ணுக்கு வெறும் பொட்டலாகத் தெரிந்த இடம் அது. அதிகாரி என்னைப் பார்த்தார். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ரோட்டுக் கோட்டை மெல்ல நகர்த்தினேன். என் முதுகுக்குப் பின்னால் ஊரே நின்று, பஸ்ஸுக்கு ரிவர்ஸ் சொல்வதுபோல் வழி சொன்னது.

"அங்கிட்டு... இன்னும் கொஞ்சம் அங்கிட்டு... தென்னை இருக்கு, பாத்து... நிப்பாட்டுங்க!"

இறுதித் திட்டத்தில் ரோடு அவர்கள் நிப்பாட்டிய இடத்தில்தான் வந்தது.