சம்மந்தி வீட்டை விசாரிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

என் கணவர் ஒரு கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதென்றால் முதலில் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தை விட்டு ஹம்பேர்க்குக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் இந்தப் பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. பையன் தமிழன் என்றால் வேலை சுலபம். டொரொண்டோவுக்கு ஒரு போன், லண்டனுக்கு ஒரு போன். யார் குடிகாரன், யாருக்குச் சீனி வருத்தம், எந்தச் சித்தப்பா யாரோடு ஓடினார் என்பதெல்லாம் பொழுதுபடுவதற்குள் வீடு வந்து சேரும். என் மகள் விரும்பியதோ ஒரு ஜெர்மன்காரப் பையனை. அவனைப் பற்றி யாருக்குப் போன் போடுவது?

அதையே சாட்டாக வைத்து இவர் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. "விசாரிக்காமல் எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது?" என்பதுதான் ஒரே பாட்டு. மகளுக்கும் அதே பிடிவாதம். "அப்பா ஓம் எண்டு சொல்லாமல் நான் கட்ட மாட்டன். ஆனால் வேற ஒருத்தரையும் கட்ட மாட்டன்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மகள் வந்து சொன்னாள். "அப்பா, அவையின்ர பழைய வீடு இப்ப மியூசியம். ஞாயிற்றுக்கிழமையில அவரின்ர அப்பாதான் திறந்து காட்டுறவர். பரம்பரை முழுக்க அங்க இருக்கு. வந்து வடிவா விசாரியுங்கோ."

இவருக்குத் தப்ப வழியில்லாமல் போனது.

சம்மந்தம் பேசப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? தாம்பாளத்தில் வாழைப்பழமும் பயித்தம்பணியாரமும் அடுக்கினேன். பட்டுச்சேலை கட்டினேன். இவர் கோட்டுப் போட்டார். எல்பே ஆற்றைத் தாண்டி, நேர்கோடாக வெட்டிய வாய்க்கால்களின் ஓரமாகக் கார் போய் நின்றது. எதிரே கூரை நிலத்தைத் தொடுகிற மாதிரி வைக்கோல் வேய்ந்த ஒரு வீடு. ஒருகாலத்தில் அந்தப் பக்கமெல்லாம் சதுப்பு நிலமாம். காணி பூமி இல்லாத ஏழைகளைக் கொண்டுவந்து, தண்ணீரை வடிய விட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் விட்டுவிட்டது. அப்படி முதலில் வந்த குடும்பம் ஒன்றின் வீடுதான் அது. எங்கள் ஆட்கள் என்றால் இடித்துவிட்டு மாடிவீடு கட்டியிருப்பார்கள். இவர்கள் கயிறு கட்டித் தொட வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பையனும் தாய் தகப்பனும் வாசலில் நின்றார்கள். நாங்கள் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். உள்ளே களிமண் தரை, ஐஸ் மாதிரிக் குளிர். பையனின் தாய் எங்கள் காலைப் பார்த்தார். பிறகு தானும் சப்பாத்தைக் கழற்றினார். அந்த நிமிடமே எனக்கு அந்த மனுசியைப் பிடித்துப்போனது.

வீட்டுக்குப் புகைபோக்கி இல்லை. மாடும் மனிதரும் ஒரே கூரைக்குக் கீழே. சுவருக்குள் அலுமாரி மாதிரி ஒரு கட்டில், அதற்குள் குடும்பமே சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குமாம். பையனின் தகப்பன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். மகள் மொழிபெயர்த்தாள். இவருக்கும் ஜெர்மன் தெரியும். ஆனால் அது வேலைத்தளத்துக்கும் பார்க்கிங் சண்டைக்கும் போதுமான ஜெர்மன்.

சுவர் நிறைய அட்டைகள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார், விளங்காததை மகளிடம் கேட்டார். முதலில் வந்தவர் பண்ணைக் கூலியின் மகன். அவருடைய மகன் பக்கத்துக் காணியில் அடுப்பெரிக்க வெட்டிக் காயப்போட்டிருந்த கரிமண்ணைக் களவெடுத்துச் சிறைக்குப் போனவர். ஒரு பேத்தி கல்யாணத்துக்கு முதலே பிள்ளை பெற்றவள். எல்லாம் பெரிய எழுத்தில், படத்தோடு.

இவர் என் காதுக்குக் கிட்ட வந்தார். "இதையெல்லாம் ஏனப்பா சுவரில கொழுவி வைச்சிருக்கினம்?"

"விசாரிக்க வாற ஆக்களுக்கு வசதியா இருக்கட்டும் எண்டுதான்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒளித்து வைத்த ஒன்றையாவது கண்டுபிடித்து, அதைக் காட்டி வேண்டாம் என்று சொல்லத்தான் மனுசன் வந்திருந்தார். கள்ளனைக்கூட அவர்களே காட்டிவிட்டார்கள்.

அப்போதுதான் பையனின் தகப்பன் மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் அப்பாவின் சுருட்டுத் தொழிற்சாலை இப்போதும் நடக்கிறதா?"

இந்தத் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் பெரிய சுருட்டு முதலாளி என்பதும், இவர் ஜெர்மனிக்குப் படிக்க வந்தவர் என்பதும் எங்கள் வீட்டுச் சரித்திரம். மகள் பிறந்தபோது அது ஒரு கொட்டிலாக இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போனபோது இரண்டானது. பிறகு லொறியும் வந்தது. மகள் அதையெல்லாம் நம்பி அவர்கள் வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். எனக்கு உண்மை தெரியும். சபையில் புருசனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நானும் தலையாட்டியே வந்தேன்.

இவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டிலைப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"பிள்ளை, அவையும் எங்களை விசாரிக்க வேணுமல்லோ. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. எங்கட அப்பு முதலாளி இல்லை. ஆரின்ரையோ கொட்டில்ல கூலிக்குச் சுருட்டுச் சுத்தினவர்."

மகள் பாதி மொழிபெயர்த்துவிட்டு நின்றாள். "அப்பா, இது உண்மையே?"

"நீ முதல் சொல்லு. நான் படிக்க வரேல்லை. ஏஜென்சிக்காரன் கிழக்கு பெர்லினில இறக்கி விட்டவன். அகதி முகாமில ஒரு கட்டிலை ரெண்டு பேர் முறை வைச்சுப் படுத்தனாங்கள். சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவினனான். இப்பவும் கனவில கழுவுறனான்."

அவள் சொன்னாள். ஒவ்வொரு வசனத்தையும் முதன்முதலாகக் கேட்டு, கேட்ட சூட்டோடு ஜெர்மனில் சொன்னாள். எனக்கு இவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருடம் இந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லாமல் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. நானும் சொல்லவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

பையனின் தகப்பன் மியூசியக் குரலை விட்டுவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டு நின்றார்.

"அவ்வளவுதான். இனி ஒளிக்க ஒண்டுமில்லை" என்றார் இவர். "பிடிச்சிருந்தால் பொம்பிளை எடுக்கச் சொல்லு."

அந்த ஒரு வசனத்தை மகள் மொழிபெயர்க்கவில்லை. தகப்பனின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவர் ஓம் என்கிறார்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நான்தான் சொன்னேன்.