செத்த செல்களைக் கொண்டாடிய நானா

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, எங்கள் ஊர் மாம்புரியில் நடந்தது இது. என் மூத்த சகோதரர், நானாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வெங்காயத் தோட்டத்தைத் தவிர வேறெதற்கும் நேரமில்லாத மனிதர். கெஞ்சிக் கூத்தாடிக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். கட்டியில் ஊசி குத்திச் செல்களை எடுத்தார்கள்.

முடிவு சொன்ன நாளில் நான் மருந்து வரிசையில் நின்றேன். உள்ளே பெண் டொக்டர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நானாவுக்குத் தோட்டத்திலிருந்து அழைப்பு. தண்ணீர் மோட்டர் பழுதாம். டொக்டர் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்பதும், ஊசியில் வந்த செல்களில் நிறையச் செத்துக் கிடக்கின்றன என்பதும் விழுந்தன.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்! கட்டி உள்ளுக்குள்ளேயே மவுத்தாகுது புள்ள. இனி மருந்து என்னத்துக்கு?”

நாங்கள் பஸ் ஏறுமுன்பே சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. வீட்டில் நானாவின் மனைவி, மதினி, இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தா. மருந்து ஏற்ற வரச்சொன்ன நாளில், நிலத்திலிருந்து வெங்காயம் கிளப்ப வேண்டும் என்று நானா தோட்டத்துக்குப் போய்விட்டார். கத்தினேன், அழுதேன். “நீ என்ன டொக்டரா?” என்று வீட்டார் என்னையே ஏசினார்கள். கட்டியோ கண்முன்னே பெருத்துக்கொண்டு வந்தது.

ஆத்திரம் தாங்காமல் வார்டுக்குப் போன் எடுத்து, அந்தப் பெண் டொக்டர் பேசுவதை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“ஐயா, கட்டி சாகேல்ல. அது வேகமாப் பெருகுது. அந்த வேகத்திலதான் செல்லுகளும் கனக்கச் செத்து விழுது. செத்ததை எண்ணிப் பார்த்துத்தான் இது வேகமான வகை எண்டு நினைச்சனாங்கள். மற்றச் சோதனைகளும் அதைத்தான் சொல்லுது. ஆனா இதுக்கு மருந்து நல்லா வேலை செய்யும். சுணங்காம வாங்கோ.”

நானா மெதுவாகக் கேட்டார்: “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனான் ஐயா. நீங்கதான் மோட்டரைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தீங்கள்.”

அந்த வாரமே போனோம். முடி கொட்டியது, வாந்தி, ஒவ்வொரு பயணத்திலும் ஆயிரம் முறைப்பாடு. பல மாதங்களில் கட்டி கரைந்தது. இப்போது நானா, செத்த செல்லுக்கு அர்த்தம் தனக்கு அன்றைக்கே விளங்கியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

ஆனாலும், கெட்ட செய்தியைவிட, பாதியில் கேட்டு நிறுத்திய நல்ல செய்திக்குத்தான் இன்றுவரை நான் அதிகம் பயப்படுகிறேன்.